பதினொன்றாம் தேதி செகண்ட் ஷிஃப்ட்

ஹெப்பாள், மைசூர்
24-6-97

மாணிக்கத்துக்கு,

பூவாத்தாள் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும். சொல்ல வந்தது கோணலாக இருக்காது.

மாதேசு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து இன்றோடு பதினாலு நாள். வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நாலும் கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரெஸ்ஸோடு போய்விட்டன. உள்ளங்கையிலும் பாதி இல்லை. டாக்டரம்மா கன்னடத்தில், "அஜ்ஜி, ஜீவ உளீத்தல்லா, அஷ்டே சாக்கு" என்றாள். உயிர் பிழைத்ததே போதுமாம். "உங்களுக்குப் போதும் டாக்டரம்மா, என்ற பேரன் டிரம்ஸ் அடிக்கிறவன். அவனுக்குப் போதுமான்னு அவனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உங்கள் பேண்டில் கிடார் வாசிக்கிற மஞ்சுநாத் இரண்டு தடவை ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான், என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான். பெங்களூரில் நீ இருக்கிற விலாசத்தை அவனிடம்தான் பிடுங்கினேன். உன்னைத்தான் காணோம். ஒரே தட்டில் சோறு தின்றவன் நீ.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நேராகப் பதில் வேண்டும்.

கம்பெனியிலிருந்து சூப்பர்வைசரும் இன்னொரு ஆபீசரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பதினொன்றாம் தேதி செகண்ட் ஷிஃப்டில் அந்த மெசினில் நின்றது ரத்தினசாமி மகன் மாணிக்கவாசகம் என்று அவர்கள் ரிஜிஸ்தர் சொல்கிறதாம். மத்தியானம் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு உன் கார்டு பஞ்ச் ஆகியிருக்கிறதாம். மாதேசுவின் காண்டிராக்ட் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, இவன் எப்படி உள்ளே வந்தான் என்று என்னையே கேட்டார்கள்.

"அப்ப மாணிக்கம் எங்கீங்க? மெசினுக்கு முன்னால நின்னவனுக்குத்தானே கை போவோணும்? அவனுக்கு ரெண்டு கையும் இருக்குதில்ல?" என்றேன்.

"அவன் டீ குடிக்கப் போனப்போ இவன் உள்ள புகுந்திருக்கான்" என்கிறான் சூப்பர்வைசர். பித்தளைக் கழிவு திருட வந்தானாம். போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்து என் பேரன் எழுந்து ஓடிவிடுவானோ என்று காவல் காக்கிறான்.

அந்தக் கம்பெனிக்கு மேல்தளம் போட்டபோது கான்கிரீட் சட்டி சுமந்தவள் நான். இன்று என் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முப்பது வருசத்தில் ஒரு சைட்டிலிருந்து ஒரு ஆணி என் மடியில் வந்ததில்லை. என் பேரனைத் திருடன் என்கிறார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வாயே திறப்பதில்லை.

பதினொன்றாம் தேதி நீ எங்கே இருந்தாய்?

பூவாத்தாள்


பெங்களூர்
3-7-97

அம்மாயிக்கு,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது. நான் படித்தது கன்னட மீடியம், என் தமிழில் தப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாடிக்கொண்டிருந்தேன். சரஸ்வதிபுரத்தில், ஒரு வீட்டு மாடியில் இருக்கும் ஸ்டுடியோவில். அதுதான் உண்மை. முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் சொல்வது உங்களுக்குச் சாக்கு மாதிரி இருக்கும். சொன்னாலும் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

எங்கள் பேண்டின் முதல் காசெட்டை நாங்கள் பழைய பம்ப் ஹவுசில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர் வைத்து எடுத்தோம். அதில் பாட்டைவிட மோட்டார் சத்தம்தான் அதிகம். அதனால் இந்த இரண்டாவது ஆல்பத்தை ஒழுங்கான ஸ்டுடியோவில்தான் எடுப்பது என்று இரண்டு வருடம் காத்திருந்தோம். பத்துப் பாட்டு. ஏழு கன்னடம், இரண்டு இங்கிலீஷ், ஒன்று தமிழ். ஸ்டுடியோக்காரர் காலையில் பக்திப் பாட்டு எடுப்பார், எங்களுக்கு மத்தியானம்தான் கொடுத்தார்.

ஸ்டுடியோவில் எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பதில்லை அம்மாயி. முதலில் டிரம்ஸை மட்டும் டேப்பில் ஏற்றுவார்கள். நீங்கள் தூண் நிறுத்திவிட்டுத் தளம் போடுகிற மாதிரி. அதன்மேல் கிடார், கடைசியில்தான் பாட்டு. மாதேசு மூன்றே நாளில் பத்துப் பாட்டையும் முடித்துவிட்டான். ஸ்டுடியோக்காரர், இந்தப் பையன் எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்டார். பிரெஸ் ஷாப்பில் என்றான். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

அப்புறம் அவனுக்கு வேலை இல்லை. நான் பாட வேண்டிய வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட் விழுந்தது. லீவ் கேட்டேன், சூப்பர்வைசர் தரவில்லை. மாதேசுதான் சொன்னான்: "உன் கார்டக் குடு மாணிக். நாலு நாள்தானே, நான் போய் அடிச்சிட்டு வர்றேன். என் பாகம் முடிஞ்சுபோச்சு, சும்மா உக்காந்து உன் மூஞ்சியப் பார்க்கறதுக்கு அது தேவல." எங்கள் ஷாப்பில் இது புதிது இல்லை. ஒருத்தன் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருத்தன் அவன் கார்டைப் பஞ்ச் பண்ணுவான். சூப்பர்வைசர் எத்தனை பீஸ் விழுந்தது என்று எண்ணுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். இப்போது தெரியாது என்கிறார்.

ஏழு மணிக்குப் பாடும் அறையிலிருந்து வெளியே வந்தபோது மஞ்சுநாத் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வந்தேன் அம்மாயி. கேட் வரைக்கும் வந்தேன். நீங்கள் படியில் மாதேசுவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கு மேல் என் கால் வரவில்லை. மறுநாள் காலை ரயிலில் டேப்பை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற மிக்ஸிங் இங்கேதான்.

அப்பாவுக்கு இது தெரியவேண்டாம். நான் அன்றைக்கு ஷிஃப்டில் இருந்தேன் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

மாணிக்கம்


ஹெப்பாள், மைசூர்
12-7-97

திருவாளர் மாணிக்கவாசகம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பாடிக்கொண்டிருந்த சேதி அறிந்து மகிழ்ந்தேன்.

என்னால் இப்படியே எழுத முடியாது, நேராகவே திட்டுகிறேன். கேட் வரைக்கும் வந்தாயாமே! பெரிய சாதனைதான். சுடுகாட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினால் யாரும் துக்கம் கேட்டதாகச் சொல்லமாட்டார்கள். தூண் நிறுத்துகிற மாதிரி என்று எனக்கே பாடம் சொல்கிறாய். தூண் விழுந்தால் மேஸ்திரி ஓடக்கூடாது, தெரியுமா? ஓடினவனுக்கு அடுத்த சைட்டில் யாரும் வேலை தரமாட்டார்கள்.

உன் அப்பன் ரத்தினசாமி கம்பெனி ஸ்டோர்சில்தானே இருக்கிறான், அவனிடம் போய் நிற்கலாம் என்று கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டு, நீ எழுதின கடைசி வரி நினைவுக்கு வந்து திரும்பிவிட்டேன். மகன் சொல்லவேண்டியதை நான் சொல்லக்கூடாது.

மாதேசு வீட்டுக்கு வந்துவிட்டான். இடது கையால் சாப்பிடுகிறான். நான் ஊட்டப்போனால் தட்டைத் தள்ளிவிடுகிறான். நேற்று கேட்டுவிட்டேன், "ஏண்டா, மாணிக்கத்தோட கார்டுலதான போன? அதச் சொன்னா என்ன? உன் வாயி என்ன முத்தா உதிர்க்குது?" என்று. அவன் சொன்னது இது: "அம்மாயி, நீ அவனுக்கு ஒரு வரி எழுதினாலும் சரி, வேற யாருகிட்டயாவது வாயத் தொறந்தாலும் சரி, நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்." கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சொன்னான். அதனால் அவனுக்குத் தெரியாமல் சைட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எழுதினால் மல்லம்மா டீக்கடை விலாசத்துக்கு எழுது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி லேபர் ஆபீசர் விசாரிக்கிறார். அதில் என்ன முடிவாகிறதோ அதை வைத்துத்தான் போலீஸ் கேஸ் நடக்குமாம். நஷ்ட ஈட்டைப் பற்றி நான் பேசவில்லை. என் கை நன்றாக இருக்கிறது, அவனுக்கு நான் சோறு போடுவேன். திருடன் என்று எழுதினதை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நீ வந்து, "என் கார்டு, என் வேலை, நான் அனுப்பினேன்" என்று சொன்னால் போதும். ஒரு வாய்ச்சொல்.

வருவாயா?

பூவாத்தாள்


பெங்களூர்
28-7-97

அம்மாயிக்கு,

நீங்கள் எழுதினதையெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன். அதில் ஒன்றுகூடத் தப்பில்லை.

ஆனால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருகிற மார்ச்சில் அவர் ரிட்டயர் ஆகிறார். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர் கையெழுத்து. கார்டு மாற்றியதை நானே ஒப்புக்கொண்டால் என்னோடு விடமாட்டார்கள், அவரையும் இழுப்பார்கள். இருபத்தெட்டு வருடம் ஒரு நாள்கூட லேட்டாகப் போகாத மனுஷன். நான் என்ன செய்யட்டும்?

மிக்ஸிங் முடியவில்லை. இங்கே இருக்கிற இஞ்சினியர் ஒவ்வொரு டிராக்காகத் தனியே போட்டுக் கேட்பார். ஒரு நாள் கிடாரை, என் குரலை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாதேசுவின் டிரம்ஸை மட்டும் போட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குச்சியைத் தட்டி அவன் எண்ணுவான் இல்லையா, "ஒந்து, எரடு, மூரு, நால்க்கு" என்று, அதுவும் மைக்கில் விழுந்திருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு மட்டும் "ஒண்ணு, ரெண்டு" என்கிறான். பாட்டுக்குத் தகுந்த மாதிரி எண்ணியிருக்கிறான், நாங்கள் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. இஞ்சினியர் அதையெல்லாம் வெட்டப் போனார். வெட்டாதீர்கள் என்றேன். காசெட்டில் அதெல்லாம் வைக்கமாட்டார்கள் என்றார். வெட்டிவிட்டார். அறுந்த டேப் துண்டுகள் தரையில் கிடந்தன. நான் பொறுக்கவில்லை. பொறுக்கியிருக்கலாம்.

இன்னொன்று. டேப்பில் எட்டு டிராக்தான். என் குரலுக்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. புதிதாகப் பாடினால் பழையது அழிந்துவிடும். பதினொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு அந்தத் தமிழ்ப் பாட்டைப் பாடினேன். அவன் கை போனதும் அதே நேரம் என்று மஞ்சுநாத் சொல்கிறான். இங்கே வந்து அதை அழித்துவிட்டு மறுபடி பாடலாம் என்று மைக் முன்னால் நின்றேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நான் பாடியதிலேயே நல்லது அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதையே வைத்துவிட்டோம்.

ஆகஸ்டு நடுவில் காசெட் வந்துவிடும். அவன் பெயரை முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

வருவேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாணிக்கம்


ஹெப்பாள், மைசூர்
22-8-97

மாணிக்கம்,

காசெட் வந்தது. மஞ்சுநாத் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டான். அவனுக்காவது வாசல் வரைக்கும் வரத் தைரியம் இருந்தது.

மாதேசு அதைத் தொடவில்லை. மூன்று நாள் டிவி மேல் கிடந்தது. நாலாம் நாள் நான் வேலை முடிந்து வரும்போது தெருவிலேயே சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டிருந்தான். நான் ஜன்னலோரம் நின்றேன். எனக்கு உங்கள் பாட்டு பிடிக்காது, ஒளித்துப் பேசவேண்டிய அவசியம் எனக்கில்லை. ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். கால்மேல் தலையணையை வைத்து இடது கையால் அடித்துக்கொண்டிருந்தான். ஓர் அடி இடது கை. அடுத்த அடிக்கு வலது கை உயர்ந்து, தலையணைக்கு மேலே வந்து, அங்கேயே நின்றுவிடும். மறுபடி இடது. மறுபடி வலது உயர்ந்து நிற்கும். பத்துப் பாட்டும் முடியும்வரை இப்படியே. நானும் நின்றேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். காசெட்டோடு மடித்து வைத்திருக்கும் தாளை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. எண் தெரியும். கீழே ஒரு வரியில் 9, 10, 11 என்று இருந்தது, பக்கத்தில் 1997. மூன்றாவது வீட்டுக் காவேரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "குரல்: மாணிக்கவாசகம். பதிவு செய்த நாள் ஜூன் 9, 10, 11. மைசூர்" என்று படித்தாள். கம்பெனி ரிஜிஸ்தரில் பதினொன்றாம் தேதி நீ பிரெஸ் முன்னால் நிற்கிறாய். நீங்களே அச்சடித்து விற்கிற தாளில் அதே நாள் பாடிக்கொண்டிருக்கிறாய். பெருமைக்குத் தேதி போட்டீர்கள், இல்லையா?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா சிரித்தான். "ஏனம்மா, சினிமாப் போஸ்டரையும் கொண்டு வருவீங்களா? தேதி யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். ஆள வரச் சொல்லுங்க" என்றான்.

உன் கடிதங்களைக் காட்டியிருந்தால் அவன் சிரித்திருக்கமாட்டான். "உன் கார்டக் குடு மாணிக்" என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. ஒருத்தருக்கென்று எழுதினதை நாலு பேருக்கு விரித்துக் காட்டி நான் ஜெயிக்கவேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே வைத்திருந்தால் ஒரு நாள் ஆத்திரத்தில் காட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் உன் இரண்டு கடிதத்தையும் இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு எதிராக இனி என்னிடம் எதுவும் இல்லை. வந்தால் நீயாக வந்ததாக இருக்கட்டும். வராவிட்டால் நீயாக வராததாக இருக்கட்டும்.

செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.

பூவாத்தாள்


பெங்களூர்
2-9-97

அம்மாயிக்கு,

கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றைக் கிழிக்க நினைத்தேன். கிழித்தால் நீங்கள் தந்த மரியாதையையும் சேர்த்துக் கிழித்த மாதிரி இருந்தது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

வந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் கேட்கிற ஒரு வாய்ச்சொல்லோடு அது நிற்காது. அதனால்தான் இத்தனை நாள் வரவில்லை, அப்பா ஒரு காரணம், அது மட்டும் காரணமில்லை. இப்போது இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

மாணிக்கம்


பெங்களூர்
13-9-97

அம்மாயிக்கு,

செவ்வாய்க்கிழமை உங்களை ஆபீசர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் உள்ளே போகும்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். வெளியே வந்தபோது நீங்கள் பெஞ்சில் இல்லை. உள்ளே நடந்ததை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது.

ஆபீசர் கேட்டார். நான் சொன்னேன், என் கார்டு, என் ஷிஃப்ட், எனக்குப் பதிலாகத்தான் மாதேசு போனான் என்று. கம்பெனி ஆள் உடனே எழுந்து, சார், இது சிநேகிதனைக் காப்பாற்ற வந்த பொய் என்றார். ஆபீசர் மாதேசுவிடம் திரும்பினார்.

மாதேசு என்னைப் பார்க்கவே இல்லை. "இவன் சொல்றது பொய் சார். இவன் அன்னிக்கு ஷிஃப்ட்லதான் இருந்தான். நான்தான் தெரியாம உள்ள போனேன்" என்றான்.

"எதுக்குப் போன?"

"பித்தளை எடுக்க."

அம்மாயி, அவன் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவன் குரல் நடுங்கவே இல்லை. பாட்டுக்கு முன்னால் எண்ணுவானே, அப்படி இருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறான்.

அவன் எதை மறைக்கிறான் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கார்டை இல்லை.

எங்கள் பிரெஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை என்கிற இரும்பு அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று செய்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஷிஃப்டுக்குக் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் வலது பொத்தானில் ஒரு மரச்சக்கையை ஆப்பு மாதிரி செருகி அழுத்தியபடியே வைத்துவிடுவோம். அப்புறம் இடது கை மட்டும் போதும், வலது கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். எல்லோரும் செய்வதுதான். மாதேசு மட்டும் செய்யமாட்டான். அவன் கை வேகத்துக்கு அவனுக்கு அது தேவையும் இல்லை.

ஜூன் ஒன்பதாம் தேதியும் பத்தாம் தேதியும் அவனுக்குப் பக்கத்து மெசினைக் கொடுத்திருக்கிறார்கள். பதினொன்றாம் தேதிதான் என் மெசினில் நின்றான். அதன் வலது பொத்தானில் நான் செருகின சக்கை இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, பொத்தானோடு பொத்தானாகத் தெரிகிற மாதிரி செய்திருந்தேன், சேஃப்டி ஆபீசர் கண்ணில் படக்கூடாது என்று. கார்டைக் கொடுக்கும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாட்டு நினைப்பில் இருந்தேன். ஒரு தகடு சிக்கியிருக்கும். வலது கையை உள்ளே விட்டிருப்பான். இடது கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போயிருக்கும். வலது கை உள்ளே இருக்கும்வரை இது இறங்காது என்று நம்பியிருப்பான்.

சக்கையை அன்றைக்கே சூப்பர்வைசர் பிடுங்கி எறிந்துவிட்டார். மெசினில் குறை இல்லை என்று ரிப்போர்ட். மாதேசு அதைப் பார்த்திருக்கிறான். அது யார் செருகினது என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவன் கையை எடுத்தது நான் என்று ஆகிவிடும், அதனால் திருடன் என்றே இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டான்.

நான் எல்லாவற்றையும் ஆபீசரிடம் சொன்னேன். சக்கை எத்தனை அங்குலம், எந்த நாளில் செருகினேன், எந்த பெயின்ட் டப்பா என்றுகூடச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாதேசு எழுந்து, "வாய மூடு மாணிக்" என்று கத்தினான். அந்த ஒரு கத்தலில் ஆபீசருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வரும்போது மாதேசு என்னிடம் ஒன்று சொன்னான். "நான் உனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான்டா. அதையும் திருப்பிக் குடுத்துட்ட." அவ்வளவுதான். நடந்துபோய்விட்டான்.

அம்மாயி, நீங்கள் என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள்.

மாணிக்கம்


ஹெப்பாள், மைசூர்
5-10-97

மாணிக்கம்,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகப்போகிறது. படித்துவிட்டு மல்லம்மா கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை டீ வைத்தாள், மூன்றும் ஆறிப்போயிற்று. அப்புறம் அவளே, "கடிதத்தில கல்லு வெச்சு அனுப்பிட்டானா அக்கா?" என்று கேட்டாள்.

ஆர்டர் வந்துவிட்டது. காவேரி படித்துச் சொன்னாள். திருட்டுப் புகாரைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. மாதேசு வேலை செய்யத்தான் போனான், திருடப் போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். மிச்சமும் கேள்: வேறு ஆள் கார்டில் போனதால் அவன் கம்பெனி ஆள் இல்லை, அவன் கைக்குக் கம்பெனி பொறுப்பில்லை. உன்னை வேலையிலிருந்து நீக்கியாயிற்று, அது உனக்கே தெரிந்திருக்கும். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெசின் மறுநாளே ஓடத் தொடங்கிவிட்டதாம். இப்போது எல்லாப் பொத்தானிலும் சக்கை இருக்கிறது என்று தெருப் பையன்கள் சொல்கிறார்கள்.

உன் அப்பன் போன ஞாயிற்றுக்கிழமை என் வாசலுக்கு வந்தான். மார்ச் வரைக்கும் உள்ளே வரவேண்டாம் என்று கடுதாசி கொடுத்துவிட்டார்களாம். தெருவே கேட்கிற மாதிரி என்னைத் திட்டினான். "கெழவி, உன்ற பேரனே வாயத் தொறக்கல, நீ எதுக்கு என்ற பையன இழுத்துட்டு வந்த? உன் கௌரவத்துக்கு என் சோத்துல மண்ணப் போட்டியே!" என்றான். நான் நின்றுகொண்டே கேட்டேன். திட்டி முடித்து அவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டான்.

மாதேசு என்னோடு பேசுவதில்லை. நான் எழுதித்தான் நீ வந்தாய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டை விட்டுப் போவேன் என்றவன் போகவில்லை. போயிருந்தால் தேடிக்கொண்டாவது போயிருப்பேன். ஒரே அறையில் இருக்கிறான். சோறு போட்டால் தின்கிறான். கூப்பிட்டால் எழுந்து வருகிறான். நேற்று ராத்திரி விளக்கை அணைத்தபிறகு, "திருடன் பேரு போயிருச்சு சாமி, அதுக்காகத்தான் பண்ணினேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவன் புரண்டு படுத்தான். அவன் அந்தப் பேரோடு இருந்துவிடத் தயாராக இருந்தான். என்னால்தான் அந்தப் பேரோடு இருக்க முடியவில்லை. அது அவன் பேரா, என் பேரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ரத்தினசாமி கேட்டதில் பாதி சரிதான்.

நீ திட்டச் சொன்னாய். திட்டுவதற்கு என்னிடம் நிறையச் சொல் இருந்தது. உன் சக்கையைப் பற்றிப் படித்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கார்டுக்காக மட்டும் நீ வந்து ஒரு வாய்ச்சொல் சொல்லிவிட்டுப் போயிருந்தால், இன்றைக்கு உன்னை மன்னித்து வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன். அது உனக்கும் தெரியும். தெரிந்தும் மிச்சத்தையும் சொன்னாய். அதனால் உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை, உன்னைக் கேவலமாக நினைக்கவும் முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

மஞ்சுநாத் வந்திருந்தான். காசெட் நன்றாக விற்கிறதாம், பெங்களூரில் மேடை போட்டுக் கூப்பிடுகிறார்களாம், வேறு பையனை டிரம்ஸுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மாதேசுவிடம் கேட்க வந்தான். மாதேசு தலையை ஆட்டினான். வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இதை உன்னிடம் மஞ்சுநாத் எப்படிச் சொன்னானோ தெரியாது, நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். பாடு. பாடாமல் இருந்து யாருக்கும் எதுவும் திரும்ப வராது.

இனி எனக்கு எழுதாதே. எழுதினால் படிக்காமல் இருக்க என்னால் முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

பூவாத்தாள்